ஒத்தையாளா ஜெயிச்சாராம்!

"யார் தயவும் இல்லாம, சொந்தக் கால்ல நின்னு முன்னுக்கு வந்தவர்." நம்ம ஆட்கள் கூடுகிற எந்த விழாவிலும் பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்தப்படும் வாக்கியம் இது. இதைத் தடை செய்யணும் என்பது என் கட்சி. பொய் என்பதால் மட்டும் இல்லை. இந்தப் பொய்யை நிஜமென்று நம்பி, ஊரில் இருக்கும் தம்பி தங்கச்சிகள் தலையில் கை வைக்கிறோமே, அதனால்.

முதலில் ஓட்டத்துக்கு வருகிறேன். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டினால் அல்ட்ரா. தென்னாப்பிரிக்காவில் 1921-லிருந்து நடக்கும் காம்ரேட்ஸ் கிட்டத்தட்ட 90 கி.மீ. ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா வரை ஓடும் ஸ்பார்த்தத்லான் 246 கி.மீ. இங்கே லண்டனில் தேம்ஸ் நதியைப் பிடித்துக்கொண்டு ரிச்மண்டிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வரை 100 மைல் ஓட்டம் ஒன்று உண்டு. கெடு 28 மணி நேரம். என் நண்பன் அதை ஓடினான். அவன் சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் வளர்ந்தவன், நான் பங்காருபேட்டை. அவன் மனைவியும் நானும் அவனுக்குத் துணைக்குழு. ராத்திரியில் ஒரு 20 மைல் நான் பேசர், அதாவது கூடவே ஓடும் ஆள். (ஓட்டம் என்று சொன்னது மரியாதைக்கு. வேகநடை என்பதுதான் உண்மை.)

துணைக்குழுவின் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுக் கைதட்டுவது என்று நினைப்பு. எங்களிடம் ஒரு நோட்டு இருந்தது. எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டான், எவ்வளவு குடித்தான், கடைசியாக எப்போது ஒண்ணுக்குப் போனான், எல்லாம் எழுதணும். குடிக்காமல் விட்டாலும் ஆபத்து, அளவுக்கு மீறிக் குடித்தாலும் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்து. 15 மணி நேரம் ஓடினவனுக்கு அந்தக் கணக்கு ஞாபகம் இருக்காது. இனிப்பு ஜெல்லைப் பார்த்தாலே குமட்டும்போது ஃப்ளாஸ்க்கில் ரசமும், உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் தயாராக இருக்கணும். ஈரச் சாக்ஸை உருவி, கொப்புளத்தைத் துடைத்து டேப் ஒட்டணும். நாற்காலியில் உட்கார விட்டால் எழுந்திருக்க மாட்டான், அதனால் உட்காரவே விடக்கூடாது. "எப்படிடா இருக்கே?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான்! "என்ன வேணும்?" என்றுதான் கேட்கணும்.

விடியற்காலை 3 மணி வாக்கில் அவன் "டேய், போதும்டா, வண்டியைக் கூப்பிடு" என்றான். அந்த நேரத்தில் அவனுடைய மூளை அவனிடம் இல்லை, என்னிடம்தான் இருந்தது. அடுத்த நிறுத்தம் வரை போகலாம், அங்கே பேசிக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனேன். அடுத்த நிறுத்தத்திலும் அதையேதான் சொன்னேன். கெடுவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் முடித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. துணைக்குழு விதியை மீறினால் ஓடுகிறவனைத் தகுதி நீக்கம் செய்யலாம் என்று இந்தப் பந்தயங்களின் விதிப்புத்தகம் சொல்கிறது. அமெரிக்காவின் பேட்வாட்டர், ஜூலை வெயிலில் டெத் வேலி பாலைவனத்தில் 217 கி.மீ. அங்கே துணைக்குழு இல்லாதவனைக் களத்திலேயே விடமாட்டார்கள். தப்பு என்று வரும்போது எல்லாரும் ஒரே ஆள். முடிவுப் பட்டியல் அச்சாகும்போது பெயர் மட்டும் ஒன்று!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதம் முன்னால் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். பாங்க் ஆசாமி, சட்டம் கொஞ்சம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. அவரும் எங்க பக்கம்தான். ஊரில் அப்பா கட்டின வீட்டை விற்கப்போகிறார்கள், பவர் ஆஃப் அட்டர்னி எழுதணும். அண்ணன் தம்பி இரண்டே பேர், பாதிப் பாதி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் ஒரு எக்ஸெல் தாளைக் காட்டினார். அப்பா வைத்தியத்துக்கு இதுவரை அனுப்பிய பணம் மாதவாரியாக இருந்தது. அதில் பாதியைத் தம்பி பங்கில் கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பாராம். "அவன் சும்மா ஊர்லதானே சார் இருந்தான்?"

சும்மா!

பி.காம் முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இரட்டைப் பதிவு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அதற்குப் பெயர் கணக்கு இல்லை, புகார். சரி, இன்னொரு பக்கத்தை நான் எழுதுகிறேன். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா வேலை போனது. வீட்டில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்ற நிலைமை. படித்தது அண்ணன். தம்பி மாதாந்திர சீசன் டிக்கெட் எடுத்து, மாரிகுப்பத்திலிருந்து வரும் விடியற்காலை வண்டியில் பங்காருபேட்டையில் ஏறி, சுமார் 70 கி.மீ. தள்ளி பெங்களூரில் ஒரு கடையில் நின்றுவிட்டு ராத்திரி திரும்பினான். வாசலில் கோலம் விழுவதற்கு முன்னால் கிளம்பி, பிள்ளைகள் தூங்கின பிறகு வீடு திரும்பும் ஜனம் எங்க ஊரில் ஆயிரக்கணக்கில். அண்ணனுக்கு முதல் செமஸ்டர் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில் போனது. பிறகு அப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்தது யார்? இந்த வரி எக்ஸெல்லில் எங்கே?

"பணம் அனுப்பினேனே" என்பார்கள். அனுப்பினீர்கள், நல்ல விஷயம். ஆனால் பணம் என்பது பந்தயத்துக்குக் கட்டின நுழைவுக் கட்டணம் மாதிரி. 3 மணிக்குப் பக்கத்தில் நிற்பது வேறு. அதை வெஸ்டர்ன் யூனியனில் அனுப்ப முடியாது.

"ஓடினது நான்தானே, என் கால்தானே வலித்தது" என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். என் நண்பன் ஓடின 100 மைலில் ஒரு அடியைக்கூட நான் அவனுக்காக ஓட முடியாது. ஸ்பார்த்தத்லானில் பேசரே கூடாது என்று விதி. ஆனால் அங்கேயும் வழியில் 75 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீரோடு ஆட்கள். உங்கள் உழைப்பை யாரும் குறைக்கவில்லை. அதைத் தனியுழைப்பு என்று சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் மேல் ஆழம். கேஜில் இறங்கினவன் வீரன்தான். மேலே வைண்டிங் இன்ஜினில் கை வைத்திருந்தவன் ஒரு நிமிஷம் கண் அசந்திருந்தால் வீரன் வீடு திரும்பியிருக்க மாட்டான். இது எங்க ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லண்டன் வந்ததும் மறந்துபோகிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் மறக்க மாட்டார்கள், "தியாகம்" என்பார்கள். "என் தம்பி தியாகி சார்" என்று கண்கலங்குவார்கள். பங்கு கொடுக்க மனசில்லாதபோது பட்டம் கொடுப்பது பழைய தந்திரம். தியாகி என்று சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். அந்தத் தம்பிக்கு வேண்டியது பட்டம் இல்லை, முறை மாற்றம்.

ஓட்டக்காரர்களிடம் இந்த நியாயம் இருக்கிறது. சில 100 மைல் பந்தயங்களில், வேறெங்காவது சில மணி நேரம் தொண்டு வேலை செய்த சான்று இருந்தால்தான் இடமே கிடைக்கும். இந்த வருஷம் ஓடினவன் அடுத்த வருஷம் மற்றவனுக்குப் பாட்டில் தூக்குவான். என் நண்பன் இப்போது என்னை 50 கி.மீ. ஓடச் சொல்லி உயிரை வாங்குகிறான், ரசம் அவன் பொறுப்பாம் :-)

ஆகவே ஐயா, ஊர் வீட்டை விற்கப்போகிறவர்களுக்கு என் யோசனை. எக்ஸெல் தாளை மூடுங்கள். நேராக ஊருக்குப் போய், அப்பாவையோ அம்மாவையோ ஒரு மாதம் முழுசாக நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து, மலஜலம், ராத்திரி இருமல் எல்லாம் சேர்த்துத்தான். தம்பியை அந்த ஒரு மாதம் எங்கேயாவது குடும்பத்தோடு அனுப்பிவையுங்கள், டிக்கெட் உங்கள் செலவு. திரும்பி வந்தபிறகும் கழிக்கணும் என்று தோன்றினால் கழித்துக்கொள்ளுங்கள். பவர் ஆஃப் அட்டர்னியை எப்படி எழுதுவது என்று அப்போது சொல்லித் தருகிறேன்.