மண்ணின் தாகமும் பசியும்

மானாவாரி நிலத்தில் விளைச்சல் குறைந்தால் நாம் வானத்தையே பழிக்கிறோம். நான் இதை ஏற்கவில்லை. பெய்த மழை மண்ணுக்குள் இறங்கியதா, இறங்கிய இடத்தில் பயிருக்குச் சத்து இருந்ததா என்றும் கேட்க வேண்டும்.

1980-களில் வறட்சியால் வாடிய புர்கினா பாசோவில் யாகூபா சவடோகோ எனும் உழவர், 'ஸாய்' என்ற பழைய குழிமுறையை மேம்படுத்தினார். மழைக்கு முன்பே இறுகிய தரையில் குழிகள் வெட்டி எருவிட்டார். எருவை நாடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்தன. மழைநீர் வழிந்தோடாமல் உள்ளே இறங்கியது. பொட்டல் நிலத்தில் சோளம் விளைந்தது. குழி மட்டும் இருந்தால் பயிர் சத்தின்றி வெளிறியிருக்கும். எருவை மேலே தூவியிருந்தால் முதல் மழையே அடித்துச் சென்றிருக்கும்.

அவர் 2023-இல் மறைந்தார். வறண்ட நாடுகளுக்கு உதவ முனைவோர் கிணறு வெட்டுவதோடு நின்றுவிடலாகாது. எருவுக்கும் வழிசெய்ய வேண்டும் என்பதே என் கருத்து.