"கிளாஸ் கிடைக்கலம்மா"

அன்புள்ள குளித்தலை ஊராருக்கு,

டெக்சஸிலிருந்து எழுதுகிறேன்.

அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் தீபாவளிக்கு வீட்டுக்குப் பேசும்போது சில வருடங்களாகவே ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. புதுத்துணி, பலகாரம் எல்லாம் விசாரித்து முடிந்த பிறகு, மெதுவாக, "கிளாஸ் கிடைக்கலம்மா" என்பார்கள். வீட்டில் யாருக்கும் புரியாது. "சீட் கிடைச்சாச்சு, பணமும் கட்டியாச்சு, அப்புறம் என்ன கிளாஸ் கிடைக்கல?" என்று அப்பா கேட்பார். கேள்வியில் தவறில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இடம் கிடைத்துவிட்டால் டைம்டேபிள் தானாக வந்துவிடும். எந்தப் பாடம், எந்த ஆசிரியர், எந்த அறை என்பதைத் துறையே முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடும். அமெரிக்காவில் கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, வகுப்பில் இடம் கிடைப்பது வேறு. இரண்டாவது இடத்தை ஒவ்வொரு செமஸ்டரும் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

வேலூர் விஐடியில் படித்த பிள்ளைகளுக்கு இது ஓரளவு பழக்கம். அங்கே எஃப்எஃப்சிஎஸ் முறையில் பாடம், ஆசிரியர், நேரம் மூன்றையும் மாணவரே தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு நாளில் விடுதி முழுக்க என்ன பாடுபடும் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அங்கே ஒரு பாடம் தவறிப்போனால் விசாவுக்கு ஆபத்து வராது. இங்கே வரும். அதனால்தான் இந்த மடல்.

பதிவு எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நாளும் நேரமும் ஒதுக்குவார்கள். பெரும்பாலான இடங்களில் அதிக கிரெடிட், அதாவது பாடப் புள்ளிகள், முடித்தவருக்கே முதல் வாய்ப்பு. இறுதியாண்டு மாணவர் முன்னால் நிற்பார், புதிதாக வந்தவர் கடைசியில் நிற்பார். மாற்றுத்திறனாளிகள், ராணுவத்தில் பணியாற்றியவர்கள், கல்லூரி அணியில் ஆடுபவர்கள் ஆகியோருக்குப் பல கல்லூரிகளில் முன்னுரிமை உண்டு. காலை எட்டு மணிக்கு நேரம் என்றால் ஏழே முக்காலுக்கே பிள்ளைகள் லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவார்கள். நவம்பரில் டெக்சஸில் காலை எட்டு என்றால் குளித்தலையில் இரவு ஏழரை.

பேனர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் கல்லூரிகளில் ஒவ்வொரு வகுப்புக்கும் சிஆர்என் என்று ஐந்து இலக்க எண் உண்டு. பிள்ளைகள் அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி மேசையில் வைத்திருப்பார்கள். மேலே வேண்டிய மூன்று பாடங்கள், அதற்குக் கீழே மாற்றுப் பாடங்கள், அவையும் போனால் என்ன எடுப்பது என்று இன்னும் இரண்டு எண்கள். மணி எட்டானதும் எண்களைக் கட்டங்களில் போட்டு 'சப்மிட்' அழுத்துவார்கள். திரையில் சக்கரம் சுற்றும். தட்கல் டிக்கெட்டுக்காகக் காலை பத்து மணிக்குக் கையில் போனோடு உட்கார்ந்தவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

பிறகு பதில் வரும். சில பாடங்கள் பதிவாகியிருக்கும். சிலவற்றின் எதிரே 'குளோஸ்டு' என்றிருக்கும், அதாவது இடம் நிரம்பிவிட்டது. இன்னொரு பதில்தான் நம் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது: 'பிரீரெக்விசிட்' இல்லை. இந்தப் பாடத்தை எடுக்க முன்பே இன்ன பாடம் முடித்திருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பிள்ளை அதைத் திருச்சியிலோ கோவையிலோ பி.இ. படிக்கும்போதே முடித்திருக்கும். ஆனால் அந்த மதிப்பெண் இந்தக் கல்லூரியின் கணக்கில் ஏறியிருக்காது. துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பழைய பாடத்திட்டத்தைக் காட்டி, சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதி வருவதற்குள் வகுப்பே நிரம்பிவிடுவதும் நடக்கிறது.

நிரம்பிய வகுப்புக்கு வெயிட்லிஸ்ட் உண்டு. யாராவது விலகினால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு மின்னஞ்சல் போகும். பல இடங்களில் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளாவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். பிள்ளைகள் இரவெல்லாம் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பது இதற்காகத்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் இருப்பவர் ஒவ்வொரு செமஸ்டரும் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும். இளங்கலைக்குக் குறைந்தது 12 கிரெடிட். முதுகலைக்குக் கல்லூரியே அளவை நிர்ணயிக்கும். பொதுவாக 9, அதாவது மூன்று பாடங்கள். ஆன்லைன் வகுப்பு காலியாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அதில் எடுக்கவும் முடியாது. இந்த முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் வகுப்பு, அல்லது மூன்று கிரெடிட், அவ்வளவுதான் சேரும். செமஸ்டர் தொடங்கி 30 நாட்களுக்குள் மாணவர் பதிவு செய்துவிட்டார் என்று கல்லூரி செவிஸ் என்ற அரசுக் கணினித் தொகுப்பில் தெரிவிக்க வேண்டும். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முன் அனுமதி வாங்காமல் முழுநேர அளவுக்குக் கீழே போனால் விசா தகுதியே போய்விடும்.

அனுமதி எந்தக் காரணங்களுக்குக் கிடைக்கும் என்பதையும் விதி சொல்கிறது. மருத்துவக் காரணம், தொடக்கத்தில் ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ உள்ள சிரமம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாமை, தவறான நிலைப் பாடத்தில் சேர்ந்துவிட்டது, இதுவே கடைசி செமஸ்டர் என்பது. "வகுப்பு நிரம்பிவிட்டது" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளையின் கையில் இல்லாத ஒன்றுக்குப் பிள்ளையே பொறுப்பேற்கும்படி அமைந்திருக்கிறது இந்த ஏற்பாடு. இது அநியாயம் என்று சொல்வதில் தயங்க ஒன்றுமில்லை.

அதனால் என்ன செய்கிறார்கள்? ஒன்பது கிரெடிட்டை நிரப்பக் கிடைத்த பாடத்தை எடுக்கிறார்கள். கிரெடிட் கணக்கில் கட்டணம் வாங்கும் கல்லூரியில் வேண்டாத ஒரு பாடத்துக்காகப் பல நூறு, சில இடங்களில் பல ஆயிரம் டாலர் போகிறது. வேண்டிய பாடம் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்தப்படும் என்றால் பட்டமே தள்ளிப்போகலாம். அப்போது மாணவர் தகுதிக்கான ஐ-20 படிவத்தை நீட்டிக்க வேண்டும், வாடகையும் கூடும். படிப்பு முடிந்து வேலை பழகக் கிடைக்கும் ஓபிடி 12 மாதமும், அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்கு அதன் மேல் 24 மாதமும் எப்போது தொடங்கும் என்பதும் இதோடு சேர்ந்தே நகரும். 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகளைத் திடீரென முடித்துவைத்தது. நாடெங்கும் வழக்குகள் போடப்பட்ட பிறகு அம்மாத இறுதியில் பதிவுகளைத் திருப்பித் தருவதாக அரசே நீதிமன்றத்தில் சொன்னது. அதற்கும் வகுப்புப் பதிவுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு கிரெடிட் குறைந்தாலும் பிள்ளைகள் நடுங்குகிறார்கள்.

இவ்வளவு பெரிய நாட்டில் வகுப்பறைக்கா பஞ்சம் என்று கேட்கலாம். பஞ்சம் ஆசிரியர்களுக்கு. கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன் கணக்குப்படி 2013 முதல் 2017 வரை அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் இளங்கலை மாணவர் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் பெருகி 1,06,000ஐத் தாண்டியது. நிரந்தரப் பணிக்கான ஆசிரியர் எண்ணிக்கை அதே காலத்தில் கூடியது ஏறத்தாழ 17 சதவீதம். நம் பிள்ளைகளில் பலர் போய்ச் சேர்வதும் இந்தத் துறையில்தான். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். அந்த ஆண்டு சீனாவையும் முந்தினோம்.

அமெரிக்கப் பிள்ளைகளும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 2012 இலையுதிர் பருவத் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் சுமார் 4,70,000 பேர் வெயிட்லிஸ்டில் இருந்தார்கள். மாநில அரசு நிதியை வெட்டியதே காரணம். அதே ஆண்டு அவற்றில் ஒன்றான சாண்டா மோனிகா கல்லூரி, கூட்டம் மொய்க்கும் வகுப்புகளுக்குக் கூடுதல் பிரிவுகள் திறந்து யூனிட்டுக்கு (கிரெடிட்டுக்கு) சுமார் 180 டாலர் வாங்கத் திட்டமிட்டது. வழக்கமான கட்டணம் அப்போது 46 டாலர் ஆகவிருந்தது. காசுள்ளவருக்கு வகுப்பு, இல்லாதவருக்கு வெயிட்லிஸ்டா என்று மாணவர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 3 அன்று நிர்வாகக் கூட்டத்துக்குள் நுழைய முயன்றவர்கள் மீது கல்லூரிப் போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடித்தது. சில நாட்களில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

மனது வைத்தால் இதைச் சீராக்க முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைக் கல்லூரி 2013இல் 'கோர்ஸ் மேட்ச்' என்ற முறைக்கு மாறியது. எரிக் புடிஷ் என்ற பொருளியலாளரின் ஆய்வில் பிறந்தது அது. எல்லா மாணவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு கற்பனைப் பணம் கொடுப்பார்கள். எந்தப் பாடம் எவ்வளவு வேண்டும் என்பதை மாணவர் நிதானமாக எழுதித் தரலாம். கணினி எல்லாருடைய விருப்பத்தையும் ஒன்றாக வைத்து இடங்களைப் பங்கிடும். யார் விரல் வேகம் என்ற கேள்வியே அங்கு எழாது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களும் இந்தப் பக்கம் வந்தால் எட்டு மணிப் போராட்டம் ஒழியும்.

அது அவர்கள் செய்ய வேண்டியது. ஊரிலிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதிவு நாளில் பல பிள்ளைகளின் கழுத்தைப் பிடிப்பது வகுப்புப் பற்றாக்குறை அல்ல, 'ஹோல்டு'. கணக்கில் ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது என்று பதிவையே பூட்டிவைப்பதற்கு அந்தப் பெயர். நம் பிள்ளைகளுக்கு வரும் இரண்டு ஹோல்டுகளின் சாவி குளித்தலையில் இருக்கிறது.

முதலாவது தடுப்பூசி. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை போட்ட சான்று பல கல்லூரிகளில் கட்டாயம். டெக்சஸில் 22 வயதுக்கு உட்பட்டுப் புதிதாகச் சேர்பவர்கள் மெனிஞ்சைடிஸ் என்ற மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. அதுவும் ஐந்து வருடத்துக்குள், செமஸ்டர் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பாவது. நம் ஊர் அட்டையில் அது பெரும்பாலும் இருக்காது, தனியாகப் போட வேண்டும். காசநோய்ப் பரிசோதனையையும் பல கல்லூரிகள் கேட்கும். குழந்தைப் பருவத்தில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டலாம். அப்புறம் மார்பு எக்ஸ்ரே, டாக்டர் கடிதம் என்று வாரங்கள் ஓடும். ரத்தப் பரிசோதனைக்கு பிசிஜியால் இந்தக் குழப்பம் வருவதில்லை. விமானம் ஏறுவதற்கு முன்பே கல்லூரி எதை ஏற்கும் என்று கேட்டு, திருச்சியிலேயே செய்துகொள்வது நல்லது. பீரோவில் இருக்கும் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, தேதிகள் அழிந்திருந்தால் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்குங்கள்.

இரண்டாவது பணம். பெரும்பாலோர் வங்கிக் கடனில் போகிறார்கள். வங்கி செமஸ்டர் வாரியாகத்தான் பணம் விடுவிக்கும், அதற்குக் கல்லூரியின் பில் கேட்கும். பாடம் பதிவான பிறகுதான் கல்லூரியில் பில் வரும். முந்தைய செமஸ்டர் பாக்கி நின்றால் பதிவே திறக்காது. இந்த வளையத்தில் ஓர் இடத்தில் ஒரு வாரம் தடங்கினால் போதும், பிள்ளைக்கு ஒதுக்கிய நேரம் போய்விடும். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுமுறை, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவத்தில் ஒரு கட்டம் விட்டுப்போனது, பான் எண்ணில் எழுத்துப்பிழை என்று எதற்கும் பணம் நிற்கும். அதற்குப் பிறகும் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குச் சில வேலை நாட்கள் ஆகும். பில் வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். பதிவு தேதி எது என்பதை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பிள்ளைகளிடம் பேசும்போதும் ஒரு வேண்டுகோள். "முன்னாடியே போட்டிருக்கலாமே" என்று சொல்லாதீர்கள். நேரம் ஒதுக்குவது அவர்கள் கையில் இல்லை. "ஹோல்டு ஏதாவது இருக்கா? வெயிட்லிஸ்டில் எத்தனாவது? சர்வதேச மாணவர் அலுவலகத்தில் பேசினியா?" என்று கேளுங்கள். கையில் உள்ள வகுப்பை முதலில் விட்டுவிட்டு இன்னொன்றைத் தேட வேண்டாம், மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்து என்று நினைவூட்டுங்கள். சொந்தக்காரப் பிள்ளை நான்கு பாடம் எடுத்தான் என்ற பேச்சு அந்த வாரம் வேண்டாமே.

ஆகஸ்டில் சேரப்போகும் பிள்ளைகளில் பலர் ஜூன், ஜூலையில் ஊரிலிருந்தே முதல் பதிவைச் செய்வார்கள். படித்துத் திரும்பியவர்களும், இங்கே படித்துக்கொண்டே விடுமுறைக்கு வருபவர்களும் அதற்கு முன்பே குளித்தலைக்கு வந்திருப்பார்கள். மே கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரப்பையும் ஒரு பள்ளிக்கூட அறையில் உட்காரவைத்து, பதிவுத் திரையைக் காட்டிப் பழக்கிவிட யாராவது முன்வர வேண்டும். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவரும் வந்து கடன் காகிதங்களைப் பார்த்துத் தந்தால் பேருதவி. புரொஜெக்டர் வாடகையும் டீ செலவும் டெக்சஸிலிருந்து வந்துவிடும். இடமும் தேதியும் முடிவானால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
டெக்சஸில் வசிக்கும் உங்கள் குளித்தலைக்காரர்