சட்டம் சின்னப் புகைபோக்கிக்கு மட்டுமா?



காற்று மாசுக்குச் சட்டம் போட்டால் நிலக்கரிப் பாவனை தானாகக் குறையும் என்று நினைக்கிறோம். சட்டம் யாருக்கு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டெல்லியையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் அங்கே தொழிற்சாலைகள் நிலக்கரி எரிக்கத் தடை. சாயப் பட்டறைக்காரர்கூட எரிவாயுவுக்கோ விவசாயக் கழிவுக்கோ மாற வேண்டியதாயிற்று.

அனல்மின் நிலையங்களுக்கு அந்தத் தடை இல்லை. இந்தியாவில் நிலக்கரியின் பெரும்பங்கை எரிப்பதே அவைதான். கந்தகப் புகையைக் குறைக்க 2015இல் அவற்றுக்கு விதி வந்தது, அவகாசம் இரண்டு வருடம். அது நீண்டுகொண்டே போய், 2025 ஜூலையில் முக்கால்வாசிக்கும் மேலான அலகுகளுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். மின்கட்டணம் கூடுமாம். பட்டறைக்காரருக்கு மட்டும் செலவு கூடவில்லையா?

இது அவர்கள் வீட்டுப் பிரச்சினை என்று சொல்லவும் முடியாது. 2022 டிசம்பர் 9இல் இந்தியப் பக்கமிருந்து வந்த மாசுக் காற்றால் நம் நாட்டுப் பாடசாலைகளையும் மூடினார்கள்.

அளவை நிறுவையில் மோசடி கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆளுக்கொரு தராசு வைப்பதும் மோசடிதான். பெரிய புகைபோக்கியில் கை வைக்காதவரை நிலக்கரியும் குறையாது, பிள்ளைகளின் இருமலும் குறையாது.