தாராவி மறுசீரமைப்பு: மறுசுழற்சித் தொழிலுக்கு இடம் கிடைக்குமா?

மும்பையின் தாராவியை அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாற்றும் திட்டம் முன்னேறி வரும் நிலையில், மாநகரின் கழிவை மீண்டும் மூலப்பொருளாக்கும் அங்குள்ள மறுசுழற்சித் தொழிலின் எதிர்காலம் குறித்துக் கேள்வி எழுந்துள்ளது.

மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளின் வீடுகளும் கடைகளும் கழிக்கும் பிளாஸ்டிக், குப்பை சேகரிப்போர், பழைய பொருள் கடைகள் வழியாகத் தாராவியின் '13வது காம்பவுண்டு' பகுதியை வந்தடைகிறது. அங்கு அது வகை, நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, துண்டாக்கிக் கழுவி, உலர்த்தி, உருக்கிக் குறுமணிகளாக்கப்படுகிறது. இந்தச் சங்கிலி இல்லையெனில், அக்கழிவில் பெரும்பகுதி குப்பைக் கிடங்குகளையே சேரும்.

எனினும், இதனை மீளுருவாக்கப் பொருளாதாரம் என முழுமையாகக் கூற இயலாது. பொருள் மீண்டாலும் தொழிலாளர்கள் பாதுகாப்புக் கவசமின்றிப் புகையைச் சுவாசிக்கின்றனர்; கழிவுநீர் மித்தி ஆற்றைப் பாதிக்கிறது.

அதானி குழுமம் 80 சதவீதமும் மகாராஷ்டிர அரசு 20 சதவீதமும் பங்கு வகிக்கும் நிறுவனம் இத்திட்டத்தைச் செயல்படுத்துகிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாக வழங்கப்படும். தகுதியுள்ள வணிக, தொழில் கூடங்களுக்கு இலவச இடம் 225 சதுர அடி வரை மட்டுமே. அரவை இயந்திரம், கழுவும் தொட்டி, உலர்த்தும் பரப்பு அனைத்தும் தேவைப்படும் தொழிலுக்கு இது போதாது. மாசு விளைவிக்கும் தொழில்களுக்கு அங்கு இடமில்லை என்பது மற்றொரு நெருக்கடி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழர்கள் பணியாற்றிய தோல் பதனிடும் கூடங்களில் பெரும்பாலானவை மாசு காரணமாக முன்பே வெளியேறியது நினைவுகூரத்தக்கது.

அதேவேளையில், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் தேவையை மத்திய அரசே உயர்த்தியுள்ளது. 2022-இல் திருத்தப்பட்ட விதிகள், கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2025-26-இல் 30 சதவீதமாகவும், 2028-29-இல் 60 சதவீதமாகவும் இருக்க வேண்டும் என நிர்ணயித்தன. ஆனால் உற்பத்தி நிறுவனங்கள் கணக்குக் காட்டும் சான்றிதழ்களைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களே வழங்க முடியும். பதிவில்லாத சிறு கூடங்களுக்கு அந்த வருவாய் எட்டாது.

பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு, புகை வடிகட்டும் வசதி, கூட்டுறவு முறையில் பதிவு ஆகியவை இவ்விடைவெளியைக் குறைக்கக்கூடும். மாறாக, கூடங்களைத் தொலைவுக்கு அகற்றினால் மாசு இடம் மாறுமே தவிர மறையாது. அன்றாடக் கூலியை நம்பியுள்ள சேகரிப்பாளர்களும் பிரிப்பாளர்களும் வேலையிழக்க நேரிடும்.