100 வாட்ஸ் அண்ணன்மார்களுக்கு..

போன வாரம் எங்கள் கிளையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கினார். காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறைப்படி ஆயிற்று. மறுநாள் டீ நேரத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி: "சார், ஹெட்லைட் வெளிச்சம் பத்தவே இல்ல. 100/90 போடலாமா, இல்ல எல்இடி மாத்திடலாமா?"

ரெண்டும் வேண்டாம் என்றேன். கடன் விண்ணப்பத்தை நிராகரித்த மாதிரி அவர் முகம் சுருங்கிவிட்டது. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத விஷயம் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: சொந்த ஊர் பாளையங்கோட்டை. புரமோஷன் என்ற பெயரில் தூக்கிப் போட்ட இடம் சித்தூர். வீடு திருப்பதியில், வேலை சித்தூரில். ஒரு வழிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். கணக்கு முடித்துக் கிளம்பும்போது எட்டு மணி ஆகிவிடும். பூதலப்பட்டு, பாகாலா பக்கம், சந்திரகிரி என்று வருடத்தில் பாதி நாள் இருட்டில்தான் ஓட்டம். 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். எதிரே வருகிறவனின் வெளிச்சத்துக்கு அந்த எல்லையெல்லாம் தெரியாது. இரண்டு மாவட்டத்திலும் ஒரே மாதிரி கண்ணைப் பிடுங்குகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

பி.காம் முதல் வருடத்திலேயே ஒரு பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் வரவு எழுதினால், இன்னொரு பக்கம் எங்காவது பற்று எழுதியே ஆக வேண்டும். ஹெட்லைட்டும் அதேதான். நீங்கள் அதிகமாக எடுத்துக்கொள்ளும் வெளிச்சம் ஆகாயத்திலிருந்து இறங்கி வரவில்லை. எதிரே வருகிறவன் கண் கணக்கில் பற்று எழுதித்தான் உங்களுக்கு வரவாகிறது. அவனிடம் கையெழுத்து வாங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. நானும் அந்தக் கணக்கை எழுதியவன்தான்.

இரண்டு வருடம் முன்பு. மாங்காய் சீசன். இந்தப் பக்கம் சீசன் என்றால் ராத்திரி முழுக்க டிராக்டர்கள்தான். ஜூஸ் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டுவதற்காகத் தோப்பிலிருந்து சாரி சாரியாகக் கிளம்பும். டிரெய்லருக்குப் பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது, ஸ்டிக்கரும் கிடையாது. பாகாலா தாண்டி ஒரு நாள் அப்படி ஒரு டிரெய்லரை இரண்டு அடி இடைவெளியில் தப்பினேன். கை நடுக்கம் வீடு வந்து சேரும்வரை அடங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே திருப்பதியில் ஒரு கடையில் போய் 100/90 மாட்டிக்கொண்டேன். வேலை ஐந்து நிமிடம். அன்று ராத்திரி சாலையைப் பார்க்க வேண்டுமே.. பகல் மாதிரி! இத்தனை வருடம் குருடனாக ஓட்டியிருக்கிறோமே என்று நினைத்தேன்.

சரியாக ஒரு மாதம். ஒரு விவசாயக் கடன் சமாசாரமாகத் தாமலசெருவு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வண்டி ஒதுங்கிப் போகிற அகலம்தான் சாலை. ஒரு வளைவில் எதிரே ஒரு எக்ஸ்எல் வண்டி. புருஷன், பெண்டாட்டி, முன்னால் ஒரு பால் கேன். நான் பிரைட்டில் இருந்தேன். டிம் செய்தேன், ஆனால் தாமதமாக. அந்த டிம்மும் 90 வாட்ஸ் ஆயிற்றே. அந்த மனிதர் ஒரு கையை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டது மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி வண்டி தார் விளிம்பை விட்டு இறங்கி, சரளையில் சறுக்கி விழுந்தது.

நிறுத்திவிட்டு ஓடினேன். அந்த அம்மாவுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. பால் எல்லாம் மண்ணில். இருவரையும் காரில் ஏற்றிப் பாகாலாவில் கட்டுப் போட்டுக் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

"தப்பு நாதே சார். ஏமீ கனபடலேது."

தப்பு என்னுடையதுதான் சார், ஒன்றுமே தெரியவில்லை என்கிறார். கார் வைத்திருக்கிறவனிடம், எக்ஸ்எல் வைத்திருக்கிறவர் மன்னிப்புக் கேட்கிறார். அவர் கண்ணைக் குருடாக்கியது என் பல்பு. அதற்கு நான் பணம் கொடுத்து ரசீது வாங்கி வைத்திருந்தேன்.

மறுநாள் சித்தூரில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் பாய் கடைக்குப் போனேன். "என்ன சார், ஃபியூஸ் போச்சா?" என்றார். "கழட்டிடுங்க பாய்" என்றேன். கழட்டினால் ஹோல்டர் பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு ஓரம் உருகியிருந்தது. "இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா வாசனை வந்திருக்கும் சார்" என்று சிரித்தார். பிறகு மீட்டரை எடுத்துக் காட்டினார். அன்று அவரிடம் கற்றதைத்தான் அந்தத் தம்பிக்கும் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நம் ஊர்ச் சின்ன கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஹெச்4 பல்பு 1971 வாக்கில் வந்த சரக்கு. பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55. உள்ளே இரண்டு இழை. டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் தடுக்கும். மேல்பாதியில் பட்ட வெளிச்சம் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். சூட்சுமம் முழுக்க அந்த இழை எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் வெளிச்சம் வேறெங்கோ போகும்.

என் காரில் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். 60/55 பல்பைப் போட்டு ஹோல்டரில் அளந்தால் 12.3தான். பழைய சுவிட்ச், மெல்லிய வயர், துருப்பிடித்த எர்த் மூன்றும் சேர்ந்து வழியிலேயே ஒன்றரை வோல்ட்டைச் சாப்பிட்டுவிட்டன. ஒன்றரைதானே என்று நினைக்காதீர்கள். இழை பல்பில் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். ஆக, எனக்கு வரவேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு பானெட்டுக்குள்ளேயே காணாமல் போய்க்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன்? ஓட்டைப் பானையை அடைக்காமல் பெரிய குழாய் போட்டேன்.

60 வாட்ஸுக்கு ஒரு பல்பு 5 ஆம்பியர் இழுக்கும். 100 வாட்ஸுக்கு எட்டுக்கு மேல். அதே வயரில் இவ்வளவு போனால் வயரில் உண்டாகும் சூடு ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. வழியில் தொலையும் வோல்டேஜும் கூடும். வெளிச்சத்தில் பாதி வயரைக் காய்ச்சவே போய்விடும். மிச்சம்தான் சாலைக்கும், பால்காரர் கண்ணுக்கும்.

நான் வாங்கிய அந்த 100/90 பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருந்தது. பொதுச்சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல. கடன் பத்திரத்தில் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று தினமும் நாலு பேருக்குச் சொல்கிற நான், இதைப் படிக்கவில்லை.

"அதெல்லாம் பழைய கதை சார், இப்ப எல்இடி" என்பார்கள். எல்இடி கெட்டது என்று நான் சொல்லவில்லை. கம்பெனியே எல்இடிக்கென்று வடிவமைத்துக் கொடுக்கும் விளக்கு நல்ல விளக்கு. ஆனால் ஹாலஜன் இழைக்கென்று வளைத்த ரிஃப்ளெக்டரில், இழைக்குப் பதில் இரண்டு பக்கமும் சில்லு ஒட்டிய ஒரு தகட்டைச் செருகினால் எங்கே விழும் வெளிச்சம்? பக்கத்துச் சாலையில், மரத்தில், எதிராளி முகத்தில். ஜெர்மனியில் 2020 முதல் சில எல்இடி பல்புகளை அனுமதித்தார்கள். எப்படி? இந்த பல்பு, இந்த கார் மாடல், இந்த விளக்கு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியல் போட்டு. நம் ஊரில் சோதனை என்றால் கடைக்காரர் சுவரில் அடித்துக் காட்டுவதுதான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 106-ம் விதி. முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும், 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று அளவோடு சொல்கிறது. ஒரு காலத்தில் போலீஸ்காரர்கள் டப்பாவும் பிரஷ்ஷுமாக நின்று ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைப்பார்கள். எல்லோரும் கேலி செய்தோம். வீட்டுக்குப் போய்த் துடைத்தும் விட்டோம்.

இப்போது வழக்கமான மூன்று சமாதானங்கள்.

முதலாவது: "எதிர்ல வர்றவன் போடறானே, நான் மட்டும் ஏன் டிம்?" வசூலுக்குப் போகும்போது நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். "அவன் கட்டலையே சார், நான் மட்டும் எதுக்குக் கட்டணும்?" இதைக் கேட்டு எரிச்சல்படாத வங்கிக்காரன் கிடையாது. அதே வங்கிக்காரன் ராத்திரி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அதே வசனத்தைப் பேசுகிறான்.

இரண்டாவது: "என் குடும்பத்தோட பாதுகாப்புக்குத்தான்." 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடிக்கு 22 மீட்டர் நகர்கிறார். உங்கள் விளக்கால் அவர் கண் மூன்று நொடி இருட்டிக்கொண்டால் 66 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார். யாரை நோக்கி? உங்களையும், பின் சீட்டில் தூங்கும் உங்கள் பிள்ளைகளையும் நோக்கித்தான். அவருக்கு வயது அறுபது என்றால் இன்னும் மோசம். இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அந்த வயதில் விழித்திரைக்குப் போகும். கூச்சம் தெளியவும் நேரம் அதிகம் ஆகும். எனக்கு 47. இப்போதே தெரிகிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. புரட்டாசி வந்தால் நம் பக்கத்திலிருந்து மஞ்சள் வேட்டி, மஞ்சள் சேலையில் கோவிந்தா சொல்லிக்கொண்டு பாதயாத்திரை வருவார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில்தான் நடப்பார்கள். இரண்டு பக்க வெளிச்சமும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு ஆள் நடந்தால், இரண்டு டிரைவருக்குமே அவர் தெரியமாட்டார். வெளிச்சம் கூடக்கூட ஆள் மறைகிறார். இதற்கு மேல் என்ன சொல்ல?

மூன்றாவது: "நான் யாரும் வராதப்பதான் பிரைட் போடுவேன்." எதிரே யாருமே வராத சாலை இந்தப் பக்கம் ஒன்றுதான் இருக்கிறது. திருமலை. அங்கே ஏற ஒரு சாலை, இறங்க ஒரு சாலை. பெருமாள் புண்ணியத்தில் கிடைத்த ஏற்பாடு. மற்ற சாலைகளில் எல்லாம் எதிரே ஒருவர் வருவார்.

சரி, வெளிச்சம் பத்தவில்லை என்பது நிஜம்தானே, அதற்கு என்ன வழி? பாய் எனக்குச் செய்துகொடுத்தது இது.

1. கண்ணாடி என்று நாம் சொல்வது பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளாகிவிடும். நைசான தாளால் ஈரமாகத் தேய்த்து பாலிஷ் போட்டார். பாதி வித்தியாசம் இதிலேயே.

2. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், ஃபியூஸ், ரிலே. பழைய சுவிட்ச் ரிலேவைத் தட்டிவிடுவதோடு சரி. எர்த்தையும் சுரண்டிப் புதிதாகப் போட்டார். இப்போது ஹோல்டரில் 13.5 வோல்ட்.

3. பல்பு, அதே 60/55. நல்ல கம்பெனி. நீலப் பூச்சு வேண்டாம். பூச்சு வெளிச்சத்தை வடிகட்டும், கூட்டாது.

4. சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி திருகி வைத்தார். பின் சீட்டில் ஆள் ஏறினால் டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று இருக்கும் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். அது எதற்கு என்று தெரியாமலே பல வருடம் ஓட்டியவன் நான் :-)

எல்லாம் சேர்த்து 100/90 போட்ட மாதிரி பகலாகத் தெரியுமா? தெரியாது. பொய் சொல்லமாட்டேன். மிச்சத்துக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். சீசனில் பாகாலா பக்கம் 60-க்கு மேல் போவதில்லை. வீட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போகிறேன். குடும்பம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. எனக்காகச் சோறு ஆறிப்போவதில்லை.

தம்பி நேற்று பாயிடம் வண்டியைக் கொண்டுபோனார். வலது பக்க பல்பு ஹோல்டரில் சரியாக உட்காமல் கோணலாக இருந்ததாம். பழைய பல்பையே கழற்றிச் சரியாக மாட்டிக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கவில்லை. "இப்ப போதும் சார்" என்றார் தம்பி.

அந்தப் பால்காரரைப் பிறகு ஒருமுறை தாமலசெருவில் பார்த்தேன். அந்த அம்மாவுக்குக் கை சரியாகிவிட்டதாம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அன்று ராத்திரி அவர் பார்த்தது என் முகத்தை அல்ல, இரண்டு பல்பை மட்டும்தானே.

டிஸ்கி: நான் எலெக்ட்ரீஷியன் அல்ல, வங்கிக்காரன். வயரில் கை வைப்பதற்கு முன் உங்கள் ஊர் பாயைக் கேளுங்கள். டிம் அடிப்பதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம்.