கைக்குழந்தைக்கும் காரில் தனி இடம் வேண்டும்

மதுரைக்கு மேற்கே, வைகை ஆற்றின் தென்கரையில் இருக்கிறது கோச்சடை. வயலும் தோப்புமாக இருந்த ஊர், இன்று மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மேலக்கால் ரோட்டின் இரு பக்கமும் வீடுகள். முன்பு சைக்கிள் நின்ற வாசல்களில் இப்போது சின்னக் கார் நிற்கிறது.

கடன் வாங்கி வாங்கிய கார். மாதத் தவணை கட்டும் கார். ஆனாலும் அதில் ஏறும்போது குடும்பத்துக்கே ஒரு நிமிர்வு வருகிறது. அது நியாயமான பெருமைதான்.

காரில் எல்லோருக்கும் இடம் உண்டு. அப்பா ஓட்டுகிறார். தாத்தா முன்னால். அப்பத்தா, அம்மா, அத்தை, மூத்த பிள்ளை பின்னால். கைக்குழந்தைக்கு மட்டும் இடம் கிடையாது. அது அம்மா மடியில்.

கோச்சடை அய்யனார் கோவிலுக்கு மொட்டை போட வருகிற குடும்பங்களைப் பார்த்தால் இது தெரியும். அழகர்கோவிலுக்கும் பழனிக்கும் போகிற கார்களும் இப்படித்தான். பெரியவர்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். யாருக்காக இந்தப் பயணமோ, அந்தப் பிள்ளை பிடிமானம் இல்லாமல் மடியில் கிடக்கும்.

"பெத்தவ மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா, ஆத்தா?" என்று மாமியார் கேட்பார். வீட்டுத் திண்ணையில் அது சரி. ஓடுகிற காரில் சரி இல்லை.

மடி ஏன் போதாது?

கார் 50 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய வேகம் அல்ல. துவரிமான் பக்கம் நான்கு வழிச் சாலையில் ஏறினால் எல்லோரும் இதைவிட வேகமாகத்தான் போகிறார்கள்.

அந்தக் கார் எதிலோ மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது. கார் நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் நிற்பதில்லை. அதே 50 கிலோ மீட்டர் வேகத்தில் முன்னால் பாய்கிறார்கள்.

அப்போது 7 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த எவ்வளவு பலம் வேண்டும்? ஏறத்தாழ 100 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கை, முன்னறிவிப்பு இல்லாமல், கண் இமைக்கும் நேரத்தில் இரண்டு கைகளால் தாங்க வேண்டும். எந்தத் தாயாலும் முடியாது. அன்பு குறைவு என்பதால் அல்ல. கையின் பலம் அவ்வளவுதான்.

வேறு விதமாகவும் சொல்லலாம். 50 கிலோ மீட்டர் வேகத்தில் மோதுவது, மூன்று மாடி உயரத்தில் இருந்து கீழே விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் பிள்ளையை உட்கார வைக்க யாரும் துணிய மாட்டார்கள்.

தாய் பெல்ட் போடாமல் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. முன் சீட்டுக்கும் தாயின் உடம்புக்கும் நடுவே குழந்தை நசுங்கும். தன்னையும் பிள்ளையையும் ஒரே பெல்ட்டில் சேர்த்துக் கட்டிக்கொள்வதும் கூடாது. மோதும்போது தாயின் எடை முழுவதும் அந்தப் பெல்ட் வழியாகக் குழந்தையின் வயிற்றில் இறங்கும்.

"பின் சீட்டில்தானே இருக்கிறோம்?" என்கிறவர்கள் உண்டு. தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார். அவர் பின் சீட்டில் இருந்தார். பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். நன்றாக வளர்ந்த ஆளின் கதி அது என்றால், மடியில் உள்ள பிள்ளையின் கதி என்ன?

அமெரிக்காவில் நடந்தது

இந்த மடி வழக்கு நம் ஊரில் மட்டும் இருந்தது அல்ல.

1930-களிலேயே அமெரிக்காவில் காருக்கான குழந்தை சீட் விற்றது. ஆனால் அது பாதுகாப்புக்கு அல்ல. பிள்ளை காருக்குள் அங்கும் இங்கும் தவழாமல் இருக்கவும், சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கவும்தான். 1962-ல்தான் விபத்தில் இருந்து காக்கும் சீட் வந்தது. அமெரிக்காவில் லியோனார்டு ரிவ்கின், இங்கிலாந்தில் ஜீன் ஏம்ஸ் என்ற பெண்மணி, இருவரும் ஒரே ஆண்டில் தனித்தனியே செய்தார்கள்.

சுவீடன் நாட்டில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற டாக்டர் இன்னொரு யோசனை சொன்னார். விண்வெளி வீரர்கள் ராக்கெட் கிளம்பும்போது மல்லாந்து படுத்திருக்கிறார்கள். விசை முழுவதும் முதுகில் பரவுகிறது. குழந்தையையும் காரின் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்தால் என்ன? மோதும்போது தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே தாங்கிக்கொள்ளுமே! கைக்குழந்தைக்குத் தலை பெரிது. கழுத்தோ இன்னும் நிற்காதது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அந்தக் கழுத்து தாங்காது. இன்று உலகம் முழுவதும் கைக்குழந்தை சீட் பின்பக்கம் பார்த்தே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சீட் வந்தும் ஜனங்கள் வாங்கவில்லை. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் விடாமல் போராடினார். அதன் பலனாக 1978 ஜனவரி 1 முதல் அங்கே குழந்தை சீட் கட்டாயம் ஆயிற்று. அமெரிக்காவிலேயே அதுதான் முதல் சட்டம்.

அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை வைத்தார்கள். "குழந்தையைப் பெரியவர் கையில் வைத்திருந்தால் சீட் வேண்டியது இல்லை" என்று ஒரு விலக்கு! சட்டசபையில் தாய்மடியின் பெயரால் வாங்கிய விலக்கு அது. குழந்தையை நசுக்கும் விதி என்றே டாக்டர்கள் அதைத் திட்டினார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1981-ல்தான் அது நீக்கப்பட்டது. சீட் சரியாகப் பொருத்தி இருந்தால், காரில் போகும் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் சாவு 71 சதவீதம் குறைகிறது என்பது அந்த நாட்டின் கணக்கு.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதில் 194-பி என்று ஒரு பிரிவு. 14 வயது நிறையாத பிள்ளையை, பெல்ட் போடாமலோ குழந்தைக்கு உரிய சீட்டில் வைக்காமலோ காரில் கொண்டுபோனால் ரூ.1,000 அபராதம். 2019 செப்டம்பர் 1 முதல் இது அமலில் இருக்கிறது.

அப்படி ஒரு விதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஹெல்மெட் போடாதவரை நிறுத்தும் போலீஸ்காரர், மடியில் பிள்ளையோடு போகும் காரை நிறுத்துவது இல்லை. நிறுத்தினாலும் "பச்சைப் பிள்ளை, சார்" என்றால் விட்டுவிடுவார். பச்சைப் பிள்ளை என்பதால்தானே நிறுத்த வேண்டும்?

2022-ம் ஆண்டு இந்தியாவில் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64 ஆயிரத்து 105 விபத்துகள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதல் இடம். வேறு எதில் எல்லாமோ முதல் இடம் வாங்கும் மாநிலத்துக்கு இது வேண்டாத முதல் இடம்.

சின்னக் காரில் எப்படி?

சீட் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் பெற்றோரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "காரே தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. இதில் சீட்டை எங்கே வைப்பது?"

கேள்வி நியாயமானது. ஆல்டோ போன்ற காரின் நீளம் மூன்றரை மீட்டர். அகலம் ஒன்றரை மீட்டர். அதுவும் வெளி அளவு. உள்ளே பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தாலே தோள் இடிக்கும்.

குழந்தை சீட்டை முன் சீட்டில் வைக்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. புதுக் கார்களில் முன்னால் காற்றுப்பை இருக்கிறது. மோதும்போது அது வெடித்து விரியும். பின்பக்கம் பார்த்திருக்கும் குழந்தை சீட்டின் முதுகில்தான் அது அறையும். பெரியவரைக் காக்கும் பை குழந்தையைக் கொன்றுவிடும்.

ஆகவே பின் சீட்தான். அதிலும் இடது பக்கம், முன்னால் உட்காருபவருக்குப் பின்னால் வைப்பது வசதி. நம் நாட்டில் வண்டிகள் இடது ஓரத்தில் நிற்கின்றன. அந்தக் கதவைத் திறந்தால் பிள்ளையை நடைபாதைப் பக்கமாக இறக்கலாம். ஓடும் பஸ்ஸுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டியது இல்லை. ஓட்டுகிறவரின் சீட்டையும் முன்னால் இழுக்க வேண்டி வராது.

ஆனால் முன்னால் இடது சீட்டை இழுக்க வேண்டி வரும். பின்பக்கம் பார்க்கும் சீட் நீளமாக இடம் பிடிக்கும். அங்கே ஆறு அடித் தாத்தாவை உட்கார வைத்தால் முழங்கால் மடங்காது. அப்பத்தாவை உட்கார வைக்கலாம். காற்றுப்பை உள்ள இடத்துக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அம்மா பின்னால், பிள்ளைக்குப் பக்கத்தில்.

அப்படியானால் மற்றவர்கள்? இதுதான் பல வீடுகளில் சண்டை வரும் இடம். உண்மையைச் சொல்ல வேண்டும். குழந்தை சீட் வைத்த சின்னக் காரில் ஐந்து பெரியவர்கள் போக முடியாது. அத்தையும் மாமாவும் அரசு பஸ்ஸில் வரட்டும். கோச்சடைக்கு டவுன் பஸ் இருக்கிறது. கோபித்துக்கொண்டாலும் கோவிலில் சேர்ந்து சாப்பிடும்போது கோபம் தீர்ந்துவிடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சில ஆயிரம் ரூபாயில் இருந்து பல பத்தாயிரம் வரை சீட் விற்கிறது. விலையைவிட முக்கியம், அது உங்கள் காரில் பொருந்துகிறதா என்பது. படத்தைப் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் பலர். காரைக் கடை வாசலுக்கே கொண்டுபோய், சீட்டை வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

சின்னக் காரில் வரும் பெரிய தொல்லை பெல்ட் நீளம். பின்பக்கம் பார்க்கும் சீட்டைச் சுற்றிக் கட்டப் பெல்ட் எட்டாமல் போகும். பழைய கார்களில் பின் சீட்டுப் பெல்ட்டே இருக்காது, அல்லது இடுப்புக்கு மட்டும் இருக்கும். புதுக் கார்கள் பலவற்றில் ஐசோபிக்ஸ் என்ற இரும்பு வளையம் பின் சீட்டின் இடுக்கில் இருக்கிறது. அதற்கான கொக்கி உள்ள சீட் என்றால் மாட்டுவது சுலபம். விரலை விட்டுத் தடவிப் பார்த்தாலே வளையம் தெரியும்.

சீட்டில் எடை அளவு எழுதி இருக்கும். பிறந்தது முதல் 13 கிலோ வரை என்பது கைக்குழந்தை சீட். 9 முதல் 18 கிலோ வரை என்று எழுதியதைப் புதிதாகப் பிறந்த பிள்ளைக்கு வாங்கக் கூடாது. "வளர்ந்ததும் உதவுமே" என்று பள்ளிக்கூடச் சட்டை தைப்பது போல இதைப் பெரிதாக வாங்க முடியாது.

பொருத்திய பிறகு அடிப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் கட்டு சரி இல்லை. பிள்ளையின் தோள் வாருக்குள் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் கூடாது. சாய்வு மிகவும் முக்கியம். நிமிர்ந்து இருந்தால் தூங்கும் குழந்தையின் முகவாய் நெஞ்சில் இடிக்கும், மூச்சு தடைபடும். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும்.

அழுதால் என்ன செய்வது? காரை நிறுத்த வேண்டும். மர நிழலில் நிறுத்தி, எடுத்து, பால் கொடுத்து, மறுபடி கட்டிப் போக வேண்டும். "கொஞ்ச தூரம்தானே" என்று மடிக்கு மாற்றுகிற அந்தக் கொஞ்ச தூரத்திலும் விபத்து நடக்கும்.

மதுரை வெயில் தனிப் பிரச்சினை. சித்திரையில் வெயிலில் நின்ற காரில் பெல்ட்டின் இரும்புத் துண்டைத் தொட்டால் சுடும். பிள்ளையின் தொடையில் பட்டால் கொப்பளிக்கும். இறங்கும்போது சீட்டின் மேல் வெள்ளைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடுங்கள். ஏறும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். தூங்குகிறதே என்று பிள்ளையைக் காருக்குள் விட்டுவிட்டு கடைக்குப் போகவே கூடாது. மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சூடு 10 டிகிரி ஏறிவிடும்.

சர்க்கார் செய்யக்கூடியது

காரே இல்லாத வீடுகள்தான் அதிகம். மோட்டார் சைக்கிளில் 9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள பிள்ளையைக் கொண்டுபோனால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் வாரும் ஹெல்மெட்டும் வேண்டும். 40 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட விதி இது. இதையும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அபராதத்தால் மட்டும் வேலை நடக்காது. ஒரு பிள்ளையின் முதல் பயணம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் இருந்து பாலம் தாண்டிக் கோச்சடைக்கு வரும் சில கிலோ மீட்டர்தான் அதன் உலகப் பிரவேசம். பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம். பிரசவமான தாயை வீட்டில் கொண்டுவிடும் 102 வண்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு கைக்குழந்தை சீட் இருக்க வேண்டும். பிரசவ ஆஸ்பத்திரிகள் சில சீட்டுகளை வாங்கி வைத்து, முன்பணம் பெற்றுக்கொண்டு ஓர் ஆண்டுக்கு இரவல் தரலாம். கைக்குழந்தை சீட் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டுக்குத்தான் பயன்படும். அதற்காக எல்லா வீடும் புதிதாகப் பணம் போட வேண்டியது இல்லை. கார் விற்கும் கம்பெனிகள், பூஜை போட்டுச் சாவி கொடுக்கும் நாளிலேயே சீட்டை மாட்டிக் காட்டலாம்.

அண்ணன் பிள்ளைக்கு வாங்கிய சீட்டைத் தம்பி பிள்ளைக்குக் கொடுப்பது நம் வழக்கம். தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் சீட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் காலக் கெடு முடிந்திருக்கக் கூடாது. விபத்தில் சிக்கிய காரில் இருந்த சீட்டை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே விரிசல் இருக்கலாம். அதன் வார்களைக் கத்தரியால் அறுத்துவிட்டுத்தான் பழைய சாமான் கடையில் போட வேண்டும்.