அக்கா வீட்டு மின்விசிறி

"சோலார் போட்டாச்சு, இனிமே கரண்ட் போனா நமக்கென்ன?" போன வாரம் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இந்தப் பேச்சை இன்னும் எத்தனை பேர் வாயால் கேட்பது?

கடலூரில் என் அக்கா வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் இருக்கிறது. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை தரும். மே மாதம், உச்சிப் பொழுது, தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மாடியில் நெருப்பாக வெயில். கூடத்தில் மின்விசிறி நின்றுபோனது. எண்பது வயது மாமனாருக்கு அக்கா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரி டீக்கடையிலோ பேனல் எதுவும் கிடையாது. பழைய இன்வெர்ட்டர், ஒற்றை பேட்டரி. அங்கே மின்விசிறி ஓடியது!

அக்கா வீட்டில் இருப்பது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். மின்வாரியத்துக் கம்பியில் மின்சாரம் இருந்தால்தான் அதன் 50 ஹெர்ட்ஸோடு சேர்ந்து அது ஓடும். கம்பியில் மின்சாரம் அற்றதும் தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால் மாடி மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனின் உயிரை வாங்கும். விதி நியாயமானது. அதை வாங்குகிறவரிடம் சொல்லாமல் விற்பது அயோக்கியத்தனம். பேனல் மாட்ட வந்தவர் அக்காவிடம் மானியத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மின்விசிறி நிற்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மானியமாவது முழுசாக உதவுகிறதா? 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. 2018-இல் கஜா புயல் அடித்தபின் டெல்டாவில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படியொரு நாளில் பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் பேனல் ஒரு செல்போனுக்குக்கூட சார்ஜ் ஏற்றாது. கரண்ட் பில் குறையும் என்று சொல்லி விற்கட்டும், அது உண்மை. விளம்பரத்தில் இருண்ட தெருவில் ஒரு வீடு மட்டும் ஒளிரும் படத்தை எதற்குப் போடுகிறார்கள்? 'பவர் பேக்கப் உண்டு' என்று அடுக்குமாடி வீட்டை விற்றுவிட்டு, லிஃப்டுக்கும் ஒரு விளக்குக்கும் மட்டும் லைன் கொடுக்கிறவர்களும் இதே கூட்டம்தான்.

வேண்டியது கம்பியில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும். ஃபேன், லைட்டுக்குத் தனி லைன். மோட்டாரும் ஏசியும் அதில் வேண்டாம். 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி நான்கு, எட்டு மணி நேரம் ஓட ஒரு யூனிட் போதும். இவ்வளவு சின்னத் தேவைக்குத்தான் அக்கா வீடு அன்று வெந்தது.

கையெழுத்துப் போடுவதற்கு முன், பேனல் விற்க வந்தவரிடம், அவர் ஏற்கெனவே பேனல் மாட்டிய ஒரு வீட்டுக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். பட்டப்பகலில் மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மின்விசிறி நின்றால் பணம் கொடுக்காதீர்கள்.